பதினான்கு மின்னல் பலகைகள்

மார்ச் 4, திங்கள்

இன்றோடு நம் கம்பெனியின் முகம் மாறிவிட்டதாம். பிரிஸ்பேனிலிருந்து ஹெதர் என்று ஒரு பெண் வந்து, டிப்போ கூடத்தில் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்துச் சுவரில் படம் காட்டினாள். இருபத்தேழு வருடமாக எங்கள் 'வாரா மின்சாரம்' கம்பெனி என்றால் சிவப்புத் தகட்டில் மஞ்சள் மின்னல். இனிமேல் அது கிடையாது. நீல நிறத்தில் ஒரு சொட்டு, அதற்குள் ஒரு பச்சை இலை, கீழே "ஒவ்வொரு வீட்டிலும் நாங்கள்" என்று எழுத்து.

எந்த வீட்டில் என்று கேட்க வாய் வரை வந்தது. நான் இந்த டிப்போவின் ஸ்டோர் கீப்பர், என் புருஷன் வாமில் இதே டிப்போவில் லைன்மேன். எங்கள் வீட்டிலேயே வாரத்தில் மூன்று நாள் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிகிறது.

பின்வரிசையிலிருந்து வாமில், "மூக்கு ஒழுகற மாதிரி இருக்கு மேடம்" என்றான். கூடமே அதிர்ந்தது. ஹெதரும் புரியாமல் சேர்ந்து சிரித்தாள். மேனேஜர் கிலா மட்டும் முறைத்தார். கடற்கரைப் பக்கத்து மனிதர். மலைக்காரர்கள் எதற்குச் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம் என்று அவருக்கு நினைப்பு.

பிறகு ஸ்டோருக்கு வந்து எனக்கு உத்தரவு போட்டார். பழைய பலகைகளைக் கழற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்குவார்களாம். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றையும் அறுக்கவைத்துக் குழி வெட்டிப் புதைக்க வேண்டுமாம். "ஒண்ணுகூட வெளியே போகக்கூடாது ஜோசபா. இந்த ஊர்ல எவன் எதை எதுக்கு எடுப்பான்னு சொல்ல முடியாது." பழைய தகரத்துக்கு இவ்வளவு பயம்! மனிதர் மலேரியா மாத்திரையைக்கூட இரண்டிரண்டாகப் போடுகிறவர்.

மார்ச் 7, வியாழன்

பலகைகள் வந்து இறங்கிவிட்டன. டிப்போ வாசலில் இருந்தது, சப்ஸ்டேஷனில் இருந்தவை, ஆஸ்பத்திரி டிரான்ஸ்பார்மரில் இருந்தது, பாலத்தடியில் இருந்தது என்று மொத்தம் பதினான்கு. நான் நினைத்த மாதிரி தகரம் இல்லை. நல்ல கனமான இரும்புத் தகடு, மார்பு உயரம். வாமிலும் டிரைவர் மொரிஸும் ஒவ்வொன்றையும் இரண்டு பேராகத் தூக்கிவந்து சாத்தினார்கள். அறுக்கும் மிஷினோ போன மாதமே புகைந்து நின்றுபோயிற்று. புது மிஷின் கேட்டு நான் எழுதிய கடிதம் கிலாவின் மேசையில் டீ டம்ளருக்கு அடியில் கிடக்கிறது.

கையாலா அறுப்பேன்?

மார்ச் 8, வெள்ளி

தம்பி ஐபே வந்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் கிரும்பாக் குலத்து ஊரிலிருந்து காபி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தவன், டிரக்கை வாசலில் போட்டுவிட்டு ஸ்டோருக்குள் எட்டிப் பார்த்தான். பலகைகள் மேல் கண் விழுந்ததும் நகரவே இல்லை.

"இதெல்லாம் என்னக்கா?"

"புதைக்கணுமாம்."

"புதைக்கிறதா! உனக்கும் உன் மேனேஜருக்கும் மூளை கழண்டு போச்சா? என் பன்னிங்க வாரத்துக்கு ஒரு தடவை வேலியைப் பிச்சுக்கிட்டுப் போயி அடுத்தவன் தோட்டத்துல கிழங்கைத் தோண்டுதுங்க. வாரத்துக்கு ஒரு சண்டை. இதை வரிசையா நட்டா யானையே வந்தாலும் அசையாது."

"யானையை எங்கடா பாத்தே நீ?"

"டிவியில. உன் கம்பெனி கரண்ட் விட்ட அன்னிக்கு."

சிரிப்பு வந்துவிட்டது. சிறு வயதிலிருந்தே இப்படித்தான் என்னிடம் காரியம் சாதிப்பான். ஏற்றிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டேன். பதினான்கும் போயிற்று. மீதிக் கிடந்த சிவப்பு, மஞ்சள் பெயின்ட் டின்களையும் தூக்கிக் கொடுத்தேன், துருப்பிடிக்காமல் அடித்துக்கொள்ளட்டும் என்று. ஸ்டோர் புத்தகத்தில் "பழைய பலகைகள் பதினான்கும் அறுத்துப் புதைக்கப்பட்டன" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாமில் சப்ஸ்டேஷனில் இருந்தான். அவனிடம் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

மார்ச் 22, வெள்ளி

இரண்டு மழைதான் பெய்தது, புதுப் பலகையில் இலை உரிய ஆரம்பித்துவிட்டது.

ஏப்ரல் 1, ஈஸ்டர் திங்கள்

ரக்பி மைதானத்திலிருந்து நேராக ஓடிவந்து எழுதுகிறேன்.

கிரும்பாவுக்கும் நோகனுக்கும் ஆட்டம். பிறந்த குலம் அது, வாழ்க்கைப்பட்ட குலம் இது. வழக்கம்போல நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்கும் கை தட்டிக்கொண்டிருந்தேன். கடைசி நிமிடத்தில் நடுவர் நோகனின் ஒரு ட்ரையை, கோட்டைத் தாண்டிப் பந்து வைத்து எடுத்த புள்ளியை, செல்லாது என்றார். நோகன் பையன் ஒருவன் அவரைத் தள்ளினான். கிரும்பாவில் எவனோ அவனைத் தள்ளினான். அவ்வளவுதான், கம்பியைத் தாண்டி இரண்டு பக்கமும் ஜனம் இறங்கிவிட்டது. குடையால் அடித்தார்கள், கல்லால் அடித்தார்கள், கோல் கம்பத்து இரும்பைப் பிடுங்கி அடித்தார்கள். எனக்கு நான்கடி தள்ளி, ஒருவன் சட்டைக்குள்ளிருந்து கத்தியை எடுத்துக் குனிந்திருந்த பையனின் முதுகில் மூன்று முறை இறக்கினான். மூன்றாவது முறை கத்தி வெளியே வரவில்லை. காலை வைத்து மிதித்துக்கொண்டு இழுத்தான்.

செத்தவன் நோகன். பத்தொன்பது வயது. எங்கள் வீட்டுக்குப் பின்வீடு.

ஏப்ரல் 3, புதன்

சண்டை வந்துவிட்டது. இனி ஊர்ச் சண்டை இல்லை, குலச் சண்டை. காலையிலேயே ஆற்றோரம் கிரும்பாவின் வீடுகள் ஒன்பது எரிந்தன. பதிலுக்கு நம் பக்கம் காபித் தோட்டத்தை இடுப்பளவில் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு கிழவர் வீட்டுக்குள்ளேயே எரிந்துபோனார். காது கேட்காதவர்; வெளியே வா என்று கத்தியது கேட்டிருக்காது.

வாமிலின் அண்ணன் கொன்டோதான் நோகனுக்குச் சண்டைத் தலைவன். வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். "கம்பத்துல ஏறத் தெரியுதுல்ல, மலையிலயும் ஏறு. இல்லேன்னா உன் பொண்டாட்டி பாவாடைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கோ." வாமில் வில்லை எடுத்துக்கொண்டு போனான். போகாமல் இருந்தால் எங்கள் வீடு முதலில் எரியும். அந்தப் பக்கம் ஐபேயும் போயிருப்பான். அவனுக்கும் அதே கதைதான்.

மச்சான் மேல் மச்சான் ஆயுதம் ஓங்கக்கூடாது. எந்தச் சண்டையிலும் மாறாத சட்டம் அது. எதிரெதிரே வந்துவிட்டால் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கிப் போவார்கள். இரண்டு பக்கமும் அதை ஒப்புக்கொள்ளும். ஆனால் கரியும் பன்றிக் கொழுப்பும் பூசிய முகத்தில் எவன் எவனென்று எப்படித் தெரியும்? முகத்தையே கேடயம் மறைக்கிறதே.

ஏப்ரல் 5, வெள்ளி

கும்பா கடைத்தெருவில் என்னைத் தேடி வந்தாள். கீரை விற்கிறவள். பெண்களை யாரும் தொடுவதில்லை என்பதால் இரண்டு பக்கமும் போய் வருகிறாள். கீரைக் கட்டை என் நூல்பையில் திணிக்கிற சாக்கில் காதருகே சொன்னாள்.

"உன் தம்பி சொல்லியனுப்பினான். கம்பெனிப் பலகையில ஒண்ணை வெட்டிக் கேடயம் பண்ணியிருக்கானாம். மின்னல் போட்டது. மச்சான்கிட்ட சொல்லச் சொன்னான், அந்த மின்னலைப் பாத்தா பயப்பட வேணாம், அது நான்தான், நான் ஒதுங்கிடுவேன், அவரும் ஒதுங்கிடட்டும்னு."

நடுத்தெருவில் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அடேய் ஐபே, உனக்குப் பன்றி வேலியா வேண்டும்? கொள்ளைக்காரா! ஆனால் இந்த ஒரு சேதிக்காக உன் எல்லாத் திருட்டையும் மன்னித்தேன்.

வாமிலிடம் சொன்னேன். கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"பலகை அவன்கிட்ட எப்படிப் போச்சு?"

"நான்தான் குடுத்தேன். வேலிக்குன்னு கேட்டான்."

"எத்தனை?"

"ஒண்ணு."

ஏன் அப்படிச் சொன்னேன்? சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. பதினான்கு என்று சொன்னால் வீட்டை இரண்டாக்கியிருப்பான். கொன்டோ காதுக்குப் போனால் கேட்கவே வேண்டாம். மிச்சமெல்லாம் இப்போது பன்றிக் கொட்டிலில் நடப்பட்டிருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது?

வாமில் வில்லைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தான். பிறகு, "இருபத்தேழு வருஷமா அந்த மின்னலால ஒருத்தனுக்கும் பிரயோஜனம் இல்ல. இப்பவாவது ரெண்டு பேர் உசுரு பிழைக்கட்டும்" என்றான். சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். இரண்டு நாளுக்குப் பிறகு இன்றுதான் அவன் குறட்டை கேட்கிறது.

ஏப்ரல் 7, ஞாயிறு

பலித்துவிட்டது! ஓடைக்குக் கீழே கைகலப்பு. புதருக்குள்ளிருந்து திடீரென்று அந்த மின்னல் எழுந்து நின்றதாம். வாமில் வில்லைத் தாழ்த்தியிருக்கிறான். கேடயம் ஒரு சாண் மேலே எழும்பிற்றாம், சலாம் வைக்கிற மாதிரி. பிறகு இடப்பக்கம் நகர்ந்து போய்விட்டதாம். "நடையைப் பாத்தாலே தெரியும், உன் தம்பிதான். வாத்து நடை." நான் சிரித்தேன், அழுதேன், மறுபடியும் சிரித்தேன்.

அந்தக் கேடயத்தில் நாட்டுத் துப்பாக்கி ரவை பட்டுப் பட்டுத் தெறித்ததாம். ஒன்றுகூட உள்ளே போகவில்லையாம். நம் பக்கத்து ஆட்களே அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இன்று செத்தது நம் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் மூன்று.

ஏப்ரல் 9, செவ்வாய்

மின்கம்பங்களை வெட்டிவிட்டார்கள். வெட்டியது நம் பக்கம், நோகன்தான். "கம்பெனி கிரும்பாவோட சேர்ந்துடுச்சு, அவங்க கேடயத்துல கம்பெனி சின்னம் இருக்கு" என்று கத்திக்கொண்டு பாலத்துக்குக் கீழே ஆறு கம்பங்களைக் கோடாலியால் சாய்த்திருக்கிறார்கள். டிப்போ வாசலில் ஒரு வண்டி எரிந்தது. "ஒவ்வொரு வீட்டிலும் நாங்கள்" என்ற எழுத்து முதலில் கொப்புளித்து, பிறகு கறுத்தது. ஆஸ்பத்திரிக்கு லைன் போயிற்று. ஜெனரேட்டரில் எண்ணெய் மூன்று நாளுக்குத்தான் வரும்.

சாயங்காலம் கொன்டோ வந்தார். வந்த வேகத்தில் வாமிலை அறைந்தார். தம்பி விழுந்ததும் வயிற்றில் மிதித்தார்.

"உன் கம்பெனிடா! உன் கையாலதானே பலகையைக் கழட்டினே! எவ்வளவுக்குடா வித்தே எங்களை?"

வாமில் வாயில் ரத்தம். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அடுப்பருகே நின்றேன். நின்றுகொண்டேதான் இருந்தேன். கொன்டோ போன பிறகு வெந்நீர் வைத்துத் துடைத்துவிட்டேன். "உன் தம்பியோட மின்னலைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதே. தெரிஞ்சா அவனைத்தான் குறிவைப்பாங்க" என்றான், உடைந்த உதட்டோடு.

ஏப்ரல் 11, வியாழன். காலை பதினொன்று

எழுதினால் நெஞ்சு அடங்குமா பார்க்கிறேன்.

பாதிரியாரும் போலீஸும் பேசி இன்று மாலை நான்கு மணி வரை சண்டை நிறுத்தம் வாங்கியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரி லைனைச் சரிசெய்ய. கம்பெனிச் சட்டை போட்டவனைத் தொடக்கூடாது என்று இரண்டு குலமும் ஒப்புக்கொண்டதாம். வாமிலும் மொரிஸும் போகிறார்கள். புது நீலச் சட்டை, முதுகில் அந்த எழுத்து.

கிளம்புகிற நேரத்தில் கிலா என்னை உள்ளே கூப்பிட்டார். பாலத்தில் நிற்கும் போலீஸ்காரர் அனுப்பிய படத்தைப் போனில் காட்டினார். அக்கரையில் கிரும்பா ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். ஒவ்வொரு கேடயத்திலும் மின்னல். ஒவ்வொன்றிலும்! எல்லாம் புதிதாக அடித்த சிவப்பும் மஞ்சளும். என் பெயின்ட். எண்ணினேன், பதினான்கு. ஐபேயின் கேடயத்தில் ரவை இறங்கவில்லை என்று பார்த்துவிட்டு மிச்சப் பலகைகளையும் பன்றிக் கொட்டிலிலிருந்து பிடுங்கியிருக்கிறார்கள், வேறு என்ன?

"புதைச்சதா உன் கையெழுத்து இருக்கு" என்றார் கிலா.

"புதைச்சோம் சார். யாரோ தோண்டி எடுத்திருக்காங்க."

"எவன்னு தெரியட்டும். வேலை மட்டும் இல்ல, ஜெயிலுக்கே அனுப்பறேன். நம்ம வண்டி எரிஞ்சதும் அவனாலதான்."

வெளியே வந்தேன். வண்டி உறுமிக்கொண்டிருந்தது. வாமில் முன்சீட்டிலிருந்து கையாட்டினான். ஓடினேன். கிலா என் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார். என் தோளுக்குப் பின்னால் அவர் மூச்சு. ஒண்ணு இல்ல வாமில், எல்லாத்துலயும் மின்னல், எதையும் நம்பாதே. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. பத்து வார்த்தைகூட இல்லை.

"சாப்பாடு எடுத்துக்கிட்டியா?" என்றேன்.

"மீன் டின்னும் கிழங்கும் இருக்கு. சாயந்தரம் வீட்டுல விளக்கு எரிஞ்சா, அது உன் புருஷன் வேலைன்னு நெனச்சுக்கோ."

வண்டி போய்விட்டது. சண்டை நிறுத்தம்தானே. கம்பெனிச் சட்டை போட்டிருக்கிறான். நான்கு மணிக்கு வந்துவிடுவான். வந்ததும் காலைப் பிடித்தாவது சொல்லிவிடுவேன். அடிக்கட்டும்.

ஏப்ரல் 12, வெள்ளி

மொரிஸ் சொன்னது:

வண்டியின் கிரேனால் ஆறு கம்பங்களையும் நட்டாயிற்று. கடைசி இணைப்பு ஒன்றுதான் மிச்சம். வாமில் தண்ணீர் குடிக்க இறங்கினான். மணி மூன்றுகூட ஆகவில்லை. வளைவில் மூன்று பேர் வந்தார்கள், முன்னால் வந்தவன் கையில் மட்டும் மின்னல் கேடயம். கரி பூசிய முகங்கள், யாரென்று மொரிஸுக்குத் தெரியவில்லை. மொரிஸ் வண்டிக்கு ஓடினான். "ஏறுடா! ஏறுடா!" என்று கத்தினான்.

வாமில் ஏறவில்லை. "கத்தாதே. அது என் மச்சான்டா. மின்னலைப் பாரு. நீ வண்டியைத் திருப்பு, நான் ரெண்டு வார்த்தை பேசிட்டு வரேன்" என்றானாம்.

ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறான். முகம் தெரியட்டும் என்று. சிரித்துக்கொண்டு. "வாத்து, நல்லா இருக்கியா?" என்று கேட்டானாம். முன்னால் வந்தவன் கேடயத்தை ஒதுக்கிக் கோடாலியை இறக்கினான். தோளில். அப்போதும் ஓடவில்லையாம், ஐபே, ஐபே என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டானாம். இரண்டாவது கழுத்தில். விழுந்த பிறகு மூன்று பேரும் சேர்ந்து.

உடம்பைக் கொண்டுவந்தார்கள். நான்தான் குளிப்பாட்டினேன். முதுகில் "ஒவ்வொரு வீட்டிலும்" வரைக்கும் எழுத்து இருந்தது. அதற்குக் கீழே சட்டையும் இல்லை, முதுகும் இல்லை.

ஏப்ரல் 13, சனி

ஒண்ணுன்னு சொன்னேன் அவன்கிட்ட. ஒண்ணுன்னு.

ஏப்ரல் 14, ஞாயிறு

மொரிஸ் போலீஸோடு போய் அந்தக் கடைசி இணைப்பைக் கட்டிவிட்டு வந்தான். ஆறு மணிக்கு வீட்டில் விளக்கு எரிந்தது. அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 15, திங்கள்

துக்க வீடு. வழக்கப்படி உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ஆண்கள் வெளியே கூடிப் பேசுகிறார்கள். கொன்டோவின் குரல் மட்டும் தனியாகக் கேட்கிறது.

"என் தம்பி சாகும்போது என்ன பேரைச் சொன்னான்? ஐபேன்னு சொன்னான். மொரிஸ் காதால கேட்டிருக்கான். மச்சான்னு நம்பிப் போனவனை மச்சானே வெட்டிப் போட்டிருக்கான். நம்ம அப்பன் காலத்துலயிருந்து எவனாவது இப்படிச் செஞ்சிருக்கானா? அவன் மனுஷன் இல்ல. அவனுக்கு எந்தச் சட்டமும் கிடையாது. புதன்கிழமை விடியும்போது வீட்டைச் சுத்துவோம். அவன், அவன் பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க. கதவை வெளியில கட்டிட்டுத் தீ வைப்போம்."

யாரும் மறுக்கவில்லை. ஒரு ஆண்பிள்ளைகூட.

கும்பா துக்கம் கேட்க வந்தவள் மாதிரி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெட்டியவர்கள் கிரும்பாவுக்கு உதவிக்கு வந்த, நிறுத்தத்துக்குக் கட்டுப்படாத வெளியூர்ப் பையன்களாம். ஐபே அன்றைக்கு அம்மாவை மேல் தோட்டத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தானாம். கேடயம் வீட்டில் சாத்திக் கிடந்ததாம். நான்கு நாளாகச் சேற்றில் புரள்கிறானாம். எல்லோரும் மின்னல் அடித்துக்கொண்டதும் அக்காவிடம் சொல்லு, மச்சானிடம் சொல்லு என்று புதன்கிழமையே இவளிடம் சொல்லியனுப்பினானாம். "பாலத்தை மூடிட்டாங்கம்மா. போலீஸ் விடல. வர முடியல" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அழாதே கும்பா. சேதி எனக்கு வந்தது. வேறு வழியில் வந்தது. மேனேஜர் போனில் வந்தது. வண்டி என் கண்ணெதிரேதான் நின்றது.

ஐபே ஓடலாமே? ஓட மாட்டான். ஓடினால் அவனே செய்ததாக ஒப்புக்கொண்ட மாதிரி. அந்த முட்டாளை எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 16, செவ்வாய்

காலையிலிருந்து யோசிக்கிறேன் என்று எழுதினால் பொய். யோசிக்க ஒன்றும் இல்லை. அன்றைக்கு வேலை போகுமே, ஜெயில் வருமே, கொன்டோ மிதிப்பாரே என்று வாயை மூடினேன். ஒருத்தன் போனான். இன்றைக்கும் மூடினால் நான்கு பேர். அதில் ஒன்றுக்கு என் பெயர்தான் வைத்திருக்கிறான் ஐபே. சின்ன ஜோசபா. ஐந்து வயது.

பொம்பளை ஆண்கள் கூட்டத்தில் போய் நிற்கக்கூடாதாம். போங்கடா.

ஸ்டோர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறேன். மார்ச் எட்டாம் தேதிப் பக்கத்தில் நான் போட்ட பொய்க் கையெழுத்தைக் காட்டுவேன். பலகையைக் கொடுத்தது நான், பெயின்ட்டைக் கொடுத்தது நான், ஒன்று என்று சொன்னது நான், தெரிந்தும் சொல்லாமல் அனுப்பியது நான், மின்னல் பதினான்கு பேரிடம் இருந்தது, வெட்டியவன் ஐபே இல்லை என்று சொல்வேன். நம்பினால் நம்பட்டும். வாசலில் கோடாலிகளைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வந்தால் எழுதுகிறேன்.

ஜூன் 21, வெள்ளி

எழுத்து கோணலாக இருக்கும். இடது கை. இரண்டு மாதமாகப் பழகுகிறேன், இன்னும் வளைவெழுத்துகள் சரியாக வரவில்லை.

அன்றைக்கு நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கொன்டோ புத்தகத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. மொரிஸைப் படிக்கச் சொன்னார். இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்டார்.

"எந்தக் கையால குடுத்தே?"

"இந்தக் கையால."

"கையெழுத்து?"

"இதே கைதான்."

விறகு பிளக்கிற கட்டையைக் காலால் என் முன்னால் தள்ளினார். யாரும் என்னைப் பிடிக்கவில்லை. நானேதான் வைத்தேன். ஒரே வெட்டு இல்லை, இரண்டு. முதல் வெட்டில் எலும்பில் நின்றுவிட்டது. கொன்டோ கோடாலியைப் போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்து, "என் தம்பி, என் தம்பி" என்று மார்பில் அடித்துக்கொண்டு கத்தினார். நான் கத்தவில்லை என்று சொல்கிறார்கள். கத்தினேன். வாமில் பெயரைச் சொல்லிக் கத்தினேன். தன் சட்டையைக் கிழித்து என் கையைக் கட்டி, வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்ததும் கொன்டோதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "போன வாரம் வந்திருந்தா எங்களால ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. கரண்ட் வந்து ரெண்டு நாள்தான் ஆச்சு" என்றார். மேசைக்கு மேலே பெரிய வட்ட விளக்கு. மயக்க மருந்து ஏறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ஆற்றைத் தாண்டி யாரும் போகவில்லை. தீயும் வைக்கவில்லை. குற்றம் கிரும்பாமேல் இல்லை, வீட்டுப் பெண்மேல் என்று ஆகிவிட்டது. வீட்டுப் பெண் அதற்குத் தன் கையைக் கொடுத்தும்விட்டாள். அதோடு நின்றது. மே மாதம் சமாதானம். கேடயங்களைப் போலீஸிடம் ஒப்படைத்தார்கள். கிலா புது மிஷின் வரவழைத்துப் பதினான்கையும் தானே நின்று அறுத்தாராம். எனக்கு வேலை போயிற்று. வழக்கு ஹாகன் நகரத்துக் கோர்ட்டில் இருக்கிறது. வாமில் படத்தை நீலச் சட்டையோடு டிப்போ சுவரில் மாட்டியிருக்கிறார்களாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

ஐபே தினமும் ஆற்றைத் தாண்டி வருகிறான், நோகன் ஊருக்குள்ளேயே, வெறுங்கையோடு. கொன்டோ பார்த்தும் பார்க்காத மாதிரி இருக்கிறார். வந்தால் பேசமாட்டான். கிழங்கை உரித்து என் தட்டில் வைத்துவிட்டு, நான் தின்று முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பான். இன்றைக்குக் குழந்தை சின்ன ஜோசபாவையும் அழைத்து வந்தான். என் கட்டுத் துணியைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குதா அத்தை?" என்று கேட்டது. வலிக்கிறது என்றேன்.

அவர்கள் போன பிறகு இதை எழுத உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு விளக்கு வந்தது. அணைக்கவில்லை.